கணுக்காலைக் கடக்கும் நரம்புகளும் தமனிகளும்: மனிதருக்கு மனிதர் மாறும் அமைப்பு

கணுக்கால் உடலின் மிகக் குறுகலான கடவைகளுள் ஒன்று. கெண்டைக்காலில் தடித்த தசைகளுக்கு நடுவே புதைந்து இறங்கும் நரம்புகளும் தமனிகளும் கணுக்காலை நெருங்கும்போது அந்தக் காப்பை இழந்துவிடுகின்றன. தசைகள் நாண்களாக ஒடுங்கிவிடுவதால், எலும்புக்கும் தோலுக்கும் இடையே எஞ்சும் சிறிய இடத்துக்குள்தான் ஐந்து நரம்புகளும் மூன்று தமனிகளின் கிளைகளும் பாதத்தை அடைந்தாக வேண்டும். எலும்பு முறிவு, சுளுக்கு, அறுவை, ஊசி என எது நேர்ந்தாலும் அவை பக்கத்திலேயே இருக்கின்றன. அவை எங்கே இருக்கும் என்பதை உடற்கூற்று நூல்கள் ஒரு படமாக வரைந்து காட்டுகின்றன. அந்தப் படம் பெரும்பாலோருக்குப் பொருந்தும், எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்தாத கால்களிலும் அமைப்பு மனம்போன போக்கில் மாறுவதில்லை. தமனிகள் ஒரு விதமாகவும் நரம்புகள் வேறொரு விதமாகவும் மாறுகின்றன. இரண்டுக்கும் தனித்தனி ஒழுங்கு உண்டு.

வழக்கமான அமைப்பு

முழங்காலின் பின்குழியில் ஓடும் பாப்லிட்டியல் தமனி, மூட்டுக்குச் சற்றுக் கீழே முன் டிபியல் தமனியைப் பிரித்து அனுப்புகிறது. மீதித் தண்டு சிறிது தூரம் இறங்கி, பின் டிபியல் தமனி, பெரோனியல் தமனி என்று இரண்டாகிறது. முன் டிபியல் தமனி இரு கீழ்க்கால் எலும்புகளுக்கும் இடையேயுள்ள சவ்வின் மேல்விளிம்பைத் தாண்டி முன்பக்கம் வந்து, கணுக்கால் மூட்டின் முன்னே இறங்குகிறது. அங்கிருந்து அதற்குப் பெயர் புறங்கால் தமனி. மருத்துவர்கள் டார்சாலிஸ் பீடிஸ் என்பது இதைத்தான். பின் டிபியல் தமனி உட்கணுவுக்குப் பின்னால் திரும்பி, உள்ளங்காலுக்குரிய இரு தமனிகளாகப் பிரிகிறது. பெரோனியல் தமனி வெளிப்பக்க எலும்பின் பின்னால் ஆழத்தில் இறங்கி, குதிகாலின் வெளிப்புறத்தில் முடிகிறது. முடியுமுன் அது இரண்டு கிளைகளைத் தருகிறது. ஒன்று, வெளிக்கணுவுக்குச் சுமார் 5 செ.மீ. மேலே சவ்வைத் துளைத்து முன்பக்கம் வரும் துளைக்கிளை. மற்றொன்று, பின் டிபியல் தமனியோடு குறுக்கே சேரும் இணைப்புக்கிளை. சாதாரணக் காலில் இவ்விரண்டும் மெல்லியவை. அமைப்பு மாறிய கால்களில் இவையே பாதத்தின் முதன்மைக் குழாய்களாகிவிடுவதுண்டு.

ஐந்து நரம்புகளில் நான்கு, பிட்டத்திலிருந்து இறங்கும் பெருநரம்பான சயாட்டிக் நரம்பின் வழிவந்தவை: டிபியல் நரம்பு, ஆழ் பெரோனியல் நரம்பு, மேலோட்டப் பெரோனியல் நரம்பு, சூரல் நரம்பு. ஐந்தாவதான சஃபீனஸ் நரம்பு மட்டும் தொடையின் முன்புற நரம்பான ஃபெமோரல் நரம்பின் கிளை. டிபியல் நரம்பு பின் டிபியல் தமனியோடு உட்கணுவுக்குப் பின்னால் செல்கிறது. ஆழ் பெரோனியல் நரம்பு முன் டிபியல் தமனிக்குத் துணையாகக் கணுக்காலின் முன்புறம் இறங்குகிறது. மேலோட்டப் பெரோனியல் நரம்பு தோலுக்கடியில் புறங்காலில் விரிகிறது. சூரல் நரம்பு வெளிக்கணுவுக்குப் பின்னாலும், சஃபீனஸ் நரம்பு உட்கணுவுக்கு முன்னாலும், தத்தம் பக்கத்துச் சிரையை ஒட்டியபடி வருகின்றன.

மாறுபாடு எது, குறைபாடு எது

உடற்கூற்றியலில் மாறுபாடு என்பது நோயன்று. ஒருவரின் புறங்கால் தமனி நூல்போல் மெலிந்திருக்கலாம். அவர் ஆயுள் முழுதும் நடந்து, ஓடி, எந்தக் குறையும் அறியாமல் வாழ்வார். செயலைக் கெடுக்காத அமைப்பு வேற்றுமையே மாறுபாடு. செயலைக் கெடுத்தால் அது பிறவிக் குறைபாடு. எல்லாக் காலிலும் இந்தக் கோடு தெளிவாக விழுவதில்லை. பிறவியிலேயே உட்புறம் வளைந்த பாதத்தில் முன் டிபியல் தமனி மெலிந்தோ இல்லாமலோ இருப்பது அடிக்கடி காணப்படுகிறது. அதே தமனி மாற்றம் வளைவே இல்லாத காலிலும் உண்டு.

மாறுபாடுகளை எண்ணிப் பதிவுசெய்யும் முயற்சி 19ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. லண்டனில் ரிச்சர்ட் குவெய்ன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை ஆராய்ந்து, தமனிகளைப் பற்றிய பெரும் படநூலை 1844இல் வெளியிட்டார். ஓர் உடலை அறுத்துப் பார்த்து அதையே விதியாக எழுதும் பழக்கத்துக்கு மாற்றாக, எத்தனை உடலில் எந்த அமைப்பு என்று கேட்கும் முறை அதில் இருந்தது. ஜப்பானியரின் தமனி அமைப்பைப் பற்றி அடாச்சி புன்டாரோ 1928இல் வெளியிட்ட நூல் அந்த முறையை மேலும் நுட்பமாக்கியது. உடலை அறுத்து ஆராய்வதோடு, தமனிக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம், சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் ஆகியவை பின்னர் சேர்ந்தன. உயிருள்ள மனிதரின் காலையே இன்று படிக்க முடிகிறது.

கருவில் தொடங்கும் வேற்றுமை

கால் மொட்டு கருவின் நான்காவது வாரத்தில் அரும்புகிறது. அப்போது அதனுள் பெயரிடத்தக்க தமனிகள் இல்லை. நுண்குழாய்களின் வலை ஒன்றே இருக்கிறது. அந்த வலையில் இரத்தம் மிகுதியாக ஓடும் தடம் அகன்று தமனியாகிறது, ஓட்டம் குறைந்த தடம் தேய்ந்து மறைகிறது. முதலில் உருவாகும் பெரிய குழாய் காலின் நடுவே, பின்புறமாக, சயாட்டிக் நரம்பை ஒட்டி ஓடும் அச்சுத் தமனி. பிறகு தொடையின் முன்புறம் ஃபெமோரல் தமனி வளர்ந்து அதன் வேலையை எடுத்துக்கொள்கிறது, அச்சுத் தமனியின் பெரும்பகுதி மறைகிறது. மறையாமல் எஞ்சும் துண்டுகளில் ஒன்று பெரோனியல் தமனி. காலின் தமனிகள் கருவில் இவ்வாறு வளர்வதை எச். டி. சீனியர் 1919இல் வெளியிட்ட ஆய்வில் படிப்படியாக விளக்கினார்.

வயதுவந்த காலின் மாறுபாடுகளுக்கு இந்த வரலாறே திறவுகோல். மூன்று தமனிகளில் மூத்தது பெரோனியல் தமனி, மற்ற இரண்டும் பின்னர் வளர்ந்தவை. பின்னர் வந்தவை முழுதாக வளராமல் போனால் பழைய குழாய் அவற்றின் பணியையும் சேர்த்து ஏற்கிறது. முன், பின் டிபியல் தமனிகள் மெலிந்திருக்கும் கால்கள் ஆங்காங்கே தென்படும்போது, பெரோனியல் தமனி இல்லாத கால் மிக அரிதாக இருப்பதன் காரணம் இதுவே. ஒரு வாய்க்கால் தூர்ந்தால் பக்கத்து வாய்க்கால் அகன்று அதே வயலுக்கு நீர் கொண்டுசேர்ப்பதைப் போல, வரும் வழி மாறினாலும் பாதத்துக்குச் சேரும் இரத்தம் குறைவதில்லை.

நரம்புகளின் கதை வேறு. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படும் நரம்பு இழைகள் ஐந்தாவது வாரத்தில் கால் மொட்டுக்குள் நுழைகின்றன. ஒவ்வொரு இழைக்கும் சென்றுசேர வேண்டிய தசையோ தோல்பகுதியோ ஏறத்தாழ வகுக்கப்பட்டிருக்கிறது. போகும் வழியில் எந்தக் கிளையோடு சேர்ந்து போவது, எந்த மட்டத்தில் பிரிவது என்பது மட்டும் காலுக்குக் கால் வேறுபடுகிறது. எனவே நரம்பு மாறுபாடுகளில் ஒரு கிளை மற்றொன்றின் பணியைப் புதிதாகக் கற்றுக்கொள்வதில்லை. அதே இழைகள் வேறொரு உறைக்குள் இருந்து பயணம் செய்கின்றன.

தமனிகள்: ஒன்று மெலிய மற்றொன்று பெருகும்

முழங்காலுக்குக் கீழே தமனிகள் பிரியும் விதத்தை கிம், ஓரன், ஸ்கில்மன் ஆகியோர் 1989இல் வகைப்படுத்தினர். 605 கால்களின் ஆஞ்சியோகிராம்களை ஆராய்ந்த அவர்களின் கணக்கில், சுமார் 92 விழுக்காடு கால்களில் வழக்கமான அமைப்பு இருந்தது. எஞ்சியவை இரு குழுக்கள். முதல் குழுவில் தமனி வழக்கத்தைவிட மேலே, முழங்கால் மூட்டின் மட்டத்திலேயே பிரிகிறது. முழங்கால் அறுவையில் இது முக்கியம், கணுக்காலை அவ்வளவாகத் தொடுவதில்லை. இரண்டாம் குழுவில்தான் கணுக்காலின் படம் மாறுகிறது. அதில் மூன்று வகைகள் உண்டு.

முதல் வகையில் பின் டிபியல் தமனி மெலிந்திருக்கும் அல்லது இராது. அப்போது பெரோனியல் தமனியின் இணைப்புக்கிளை பெருத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே உட்புறமாகத் திரும்பி, பின் டிபியல் தமனிக்குரிய இடத்திலேயே இறங்கி உள்ளங்காலுக்குப் போகிறது. 605 கால்களில் இது 3.8 விழுக்காடு. உட்கணுவுக்குப் பின்னால் விரல் வைத்தால் இத்தகைய காலிலும் நாடி தென்படலாம். துடிப்பது பெரோனியல் தமனி என்பது வெளியே தெரியாது.

இரண்டாம் வகையில் மெலிவது முன் டிபியல் தமனி. அது கெண்டைக்காலின் நடுவிலேயே சிறுத்துவிட, பெரோனியல் தமனியின் துளைக்கிளை சவ்வைத் துளைத்து முன்னே வந்து புறங்கால் தமனியாகிறது. 605 கால்களில் இதன் அளவு 1.6 விழுக்காடு. மேலே குழாய் மாறுவதோடு கணுக்காலின் முன்புறத்தில் அதன் இடமும் மாறுகிறது. வழக்கமான தமனி இரு கணுக்களுக்கும் நடுவே வரும். பெரோனியலிலிருந்து வரும் தமனியோ வெளிக்கணுவின் முன்புறத்தை ஒட்டித் தோன்றி, அங்கிருந்து சாய்வாக உட்புறம் நோக்கிப் போகும்.

மூன்றாம் வகையில் முன், பின் இரண்டும் மெலிந்து, பாதம் முழுவதற்கும் பெரோனியல் தமனி ஒன்றே இரத்தம் தருகிறது. பெரும் பெரோனியல் தமனி என்ற பொருளில் இதைப் பெரோனியா மேக்னா என்பர். கிம் குழுவின் கணக்கில் இது 0.2 விழுக்காடுதான். எண்ணிக்கையில் அரிதானாலும் விளைவில் மூன்றிலும் பெரியது இதுவே.

புறங்காலின் நாடி இந்த மாறுபாடுகளோடு நேரடித் தொடர்புடையது. கட்டைவிரலை மேல்நோக்கி உயர்த்தினால் புடைக்கும் நாணுக்கு வெளிப்புறத்தில், பாதத்தின் மேட்டில், புறங்கால் நாடி பார்க்கப்படுகிறது. ஆரோக்கியமானவர்களிலும் ஒரு சிறு பங்கினருக்கு அது தென்படுவதில்லை. பெரும்பாலும் இரு காலிலும் தென்படாது. தமனி மெலிந்திருப்பதோ, வழக்கமான தடத்திலிருந்து வெளிப்புறம் விலகியிருப்பதோ காரணமாகலாம். பிறவியிலேயே இல்லாத நாடிக்கும், இருந்து மறைந்த நாடிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முறை தொட்டுப் பார்ப்பது காட்டாது. நாளங்களுக்கு நோய் வருமுன் எடுத்த குறிப்பு இருந்தால் மட்டுமே ஒப்பிட முடியும்.

நூற்படத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி மிகத் தெளிவாகத் தெரிவது வில் தமனியில். புறங்கால் தமனியிலிருந்து வெளிப்புறமாக வில்போல் வளைந்து, இரண்டு முதல் நான்கு வரையுள்ள விரல்களுக்குக் கிளை தரும் தமனி என்று தலைமுறை தலைமுறையாகப் பாடநூல்கள் வரைந்துவருகின்றன. 72 பாதங்களை அறுத்து ஆராய்ந்த டிலாண்ட்ரோ குழுவினர் 2001இல் வெளியிட்ட முடிவில், அந்த வில் தமனி 16.7 விழுக்காடு பாதங்களில் மட்டுமே இருந்தது. மற்றவற்றில் பக்கவாட்டுக் கிளைகளும் உள்ளங்காலிலிருந்து மேலேறும் துளைக்கிளைகளும் அந்தப் பணியைச் செய்தன. இங்கே பாடநூல் விதியாகச் சொல்வதே சிறுபான்மை அமைப்பு.

கணுக்கால் மூட்டின் அடித்தளமான டாலஸ் எலும்பும் இந்தக் கணக்கில் சேரும். இந்த எலும்பில் எந்தத் தசையும் ஒட்டுவதில்லை. மேற்பரப்பில் பெரும்பகுதியைக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. எனவே தமனிகள் நுழைய இடம் குறைவு. மல்ஃபிங்கரும் ட்ரூயெட்டாவும் 1970இல் வெளியிட்ட ஆய்வின்படி, பின் டிபியல் தமனியிலிருந்து டார்சல் கால்வாய் வழியே வரும் கிளையே எலும்பின் உடற்பகுதிக்கு முதன்மை ஊட்டம். உட்பக்கத் தசைநாருக்குள் வரும் கிளையும், வெளிப்பக்கத்து டார்சல் குழியில் புறங்கால் தமனியும் பெரோனியல் தமனியும் சேர்ந்து அமைக்கும் கிளையும் துணை நிற்கின்றன. கழுத்துப் பகுதி முறிந்து எலும்பு விலகினால் இவற்றில் சில அறுபடும். எஞ்சும் கிளை எவ்வளவு பெரியது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வகை முறிவில் ஒருவருக்கு எலும்பு பிழைப்பதற்கும் மற்றொருவருக்குச் சாவதற்கும் இது ஒரு காரணம்.

நரம்புகள்: வழி மாறும், சேருமிடம் மாறாது

கணுக்கால் நரம்புகளில் அறுவையாளருக்கு அதிகத் தொல்லை தருவது மேலோட்டப் பெரோனியல் நரம்பு. வழக்கமாக அது காலின் வெளிப்பக்கத் தசையறையில் இறங்கி, வெளிக்கணுவின் நுனிக்குச் சுமார் 10 முதல் 12 செ.மீ. மேலே தசையுறையைத் துளைத்துத் தோலுக்கடியில் வருகிறது. பிறகு இரு கிளைகளாகிப் புறங்காலில் பரவுகிறது. சில கால்களில் துளைக்கும் இடம் இதைவிட வெகு கீழேயும், சிலவற்றில் வெகு மேலேயும் இருக்கும். சில கால்களில் நரம்பு உறைக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து, இரு கிளைகளும் தனித்தனி இடங்களில் வெளிவரும். அட்கிசனும் உடன் ஆய்ந்தவர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கால்களில் மட்டுமே நரம்பு முழுதும் வெளிப்பக்கத் தசையறையில் ஓடியது. மற்ற கால்களில் அது முன்புறத் தசையறையிலோ, பிரிந்து இரு அறைகளிலுமோ இருந்தது. தசையறைக்குள் அழுத்தம் ஏறியதால் உறையைக் கீறித் திறக்கும் அவசர அறுவையில், வெளிப்பக்க அறையில் மட்டும் நரம்பை எதிர்பார்ப்பவர் முன்பக்க அறையில் அதை வெட்டிவிட நேரும்.

இந்த நரம்பை ஓரளவு கண்ணாலேயே காணலாம். பாதத்தை உட்புறம் திருப்பிக் கீழ்நோக்கி அழுத்தி, நான்காவது விரலையும் கீழே மடக்கினால், ஒல்லியானவர்களில் தோலுக்கடியில் கயிறுபோல் அது புடைக்கும். வெளிப்பக்கக் கிளை சிலரில் மிகச் சிறிதாக இருக்கும், சிலரில் இருக்கவே இருக்காது. அப்போது அதற்குரிய தோல்பகுதியைச் சூரல் நரம்பு ஏற்றுக்கொள்கிறது.

ஆழ் பெரோனியல் நரம்பு கணுக்காலின் முன்னே பட்டைத் தசைநாருக்கு அடியில் புகுந்து, இரு கிளைகளாகிறது. ஒன்று விரல்களை மேலே நீட்டும் குட்டைத் தசைக்கும், மற்றொன்று கட்டைவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவிலுள்ள தோலுக்கும் போகிறது. தமனிக்கு உட்புறமா வெளிப்புறமா அது கிடக்கும் என்பது காலுக்குக் கால் மாறும். ஒரே காலில் தமனியைக் குறுக்கே கடந்து பக்கம் மாறுவதும் உண்டு.

துணை ஆழ் பெரோனியல் நரம்பு இதைவிடச் சுவையான மாறுபாடு. மேற்சொன்ன குட்டைத் தசைக்குரிய இழைகளில் ஒரு பங்கு, சிலரில் ஆழ் நரம்போடு வருவதில்லை. அவை மேலோட்டப் பெரோனியல் நரம்போடு இறங்கி, வெளிக்கணுவுக்குப் பின்னால் சுற்றி, கீழிருந்து முன்னே வந்து அதே தசையை அடைகின்றன. மின்கடத்தல் சோதனைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது தென்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. சில குடும்பங்களில் மரபாகவும் வருகிறது. சோதனைக் கூடத்தில் இதன் அடையாளம் விசித்திரமானது. கணுக்காலின் முன்புறத்தில் நரம்பைத் தூண்டும்போது தசை தரும் பதில் சிறிதாகவும், முழங்காலருகே தூண்டும்போது பெரிதாகவும் இருக்கும். தூண்டுமிடம் தசைக்கு அருகில் வரவரப் பதில் சிறுக்கக்கூடாது என்பதால், அறியாதவர் இதைச் சோதனைப் பிழை என்று தள்ளிவிடுவார். வெளிக்கணுவுக்குப் பின்னால் ஒரு முறை தூண்டிப் பார்த்தால், விடுபட்ட பங்கு அங்கே கிடைக்கும். இத்தகையவருக்கு ஆழ் நரம்பு முற்றிலும் அறுபட்டாலும் அந்தத் தசை ஓரளவு இயங்கும். காயம் சிறியது என்று மயங்க அது இடம் தரும்.

சூரல் நரம்பு இரு ஊற்றுகளிலிருந்து உருவாவது. டிபியல் நரம்பின் கிளை ஒன்றும், ஆழ், மேலோட்டப் பெரோனியல் நரம்புகள் பிரியும் தண்டான பொதுப் பெரோனியல் நரம்பிலிருந்து வரும் கிளை ஒன்றும் கெண்டைக்காலின் பின்புறத்தில் சேர்கின்றன. பெரும்பாலான கால்களில் இந்தச் சேர்க்கை உண்டு, ஆனால் நடக்கும் மட்டம் மாறும். சிலரில் இரண்டும் சேராமலே தனித்தனியாகக் கணுக்கால் வரை வரும். சிலரில் ஒரு கிளை மட்டுமே சூரல் நரம்பாகும். குதிநாணின் வெளிவிளிம்பை அது கடப்பது, குதியெலும்பில் நாண் பொருந்தும் இடத்துக்கு ஏறத்தாழ 10 செ.மீ. மேலே. அதற்குக் கீழே அது நாணுக்கு வெளிப்புறத்தில், வெளிக்கணுவின் பின்னால், சிறு சஃபீனஸ் சிரையோடு இறங்குகிறது. எந்தத் தசையையும் இயக்காத உணர்வு நரம்பு என்பதால், பிற இடத்தில் அறுந்த நரம்பை ஒட்டுவதற்கும், நரம்பு நோய்களில் திசுச் சோதனைக்கும் இதிலிருந்துதான் பெரும்பாலும் துண்டு எடுக்கப்படுகிறது. ஒரு கிளையாலான சூரல் நரம்பு மெல்லியதாக இருக்கும். ஒட்டுவதற்குப் போதுமான தடிமன் கிடைக்குமா என்பதை இந்த மாறுபாடு தீர்மானிக்கிறது.

சஃபீனஸ் நரம்பு பெரு சஃபீனஸ் சிரையை ஒட்டி உட்கணுவின் முன்னே வருகிறது. சிலரில் அது கணுக்காலோடு நின்றுவிடும், சிலரில் பாதத்தின் உள்விளிம்பில் கட்டைவிரலின் அடி வரை நீளும். கணுக்காலருகே சிரைக்கு முன்னாலும் பின்னாலும் அதன் கிளைகள் பின்னிக்கிடக்கலாம்.

டிபியல் நரம்பு உட்கணுவுக்கும் குதியெலும்புக்கும் இடையே, பட்டைத் தசைநாரால் மூடப்பட்ட டார்சல் சுரங்கத்தில் போகிறது. அங்கே முன்னிருந்து பின்னாக வரும் வரிசை ஓரளவு நிலையானது: முதலில் இரு நாண்கள், பிறகு தமனியும் அதன் துணைச் சிரைகளும், பிறகு நரம்பு, கடைசியாகக் கட்டைவிரலை மடக்கும் நாண். நரம்பு உள்ளங்காலுக்குரிய இரண்டு கிளைகளாகப் பிரிவது பெரும்பாலும் இந்தச் சுரங்கத்துக்குள்தான். உட்கணுவின் மையத்தையும் குதியெலும்பின் மையத்தையும் இணைக்கும் கோட்டை அளவுகோலாக வைத்து டெல்லனும் மக்கினனும் 1984இல் இதை ஆராய்ந்தனர். பத்தில் ஒன்பது கால்களில் பிரிவு சுரங்கத்தினுள் நிகழ்கிறது. எஞ்சியவற்றில் மேலேயே பிரிந்து, இரு நரம்புகளாகச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. தமனி பிரியும் மட்டமும் நரம்பு பிரியும் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இதைவிட மாறுவது குதிகாலுக்குரிய உட்புறக் கிளை. அது ஒன்றாகவும் வரும், மூன்று நான்காகவும் வரும். டிபியல் நரம்பிலிருந்தோ அதன் கிளைகளிலிருந்தோ, சுரங்கத்தின் உள்ளேயோ மேலேயோ புறப்படும். இதனால் டார்சல் சுரங்கத்தில் நரம்பு நெரியும் நோயின் அறிகுறிகள் ஒரே மாதிரி அமைவதில்லை. கெக், லாம் ஆகிய இருவர் 1962இல் தனித்தனியே விவரித்த இந்த நோயில், உள்ளங்கால் எரியும், மரத்துப்போகும். குதிகாலின் கிளை சுரங்கத்துக்கு மேலேயே பிரிந்தவருக்குக் குதிகாலில் உணர்வு கெடாது, உள்ளே பிரிந்தவருக்குக் குதிகாலும் மரக்கும்.

அறுவையிலும் சோதனையிலும் இதன் பொருள்

கணுக்கால் மூட்டைச் சிறுதுளை வழியே உள்நோக்கிப் பார்ப்பது ஆர்த்ராஸ்கோபி. இந்த மூட்டு மிகக் குறுகலானது, இம்முறைக்கு ஏற்றதன்று என்று பர்மன் 1931இல் கருதினார். கருவிகள் மெலிந்த பிறகு அது வழக்கமாயிற்று. முன்புறத்தில் இரு துளைகள் பொதுவானவை: உட்புறத் துளைக்குச் சஃபீனஸ் நரம்பு அருகில், வெளிப்புறத் துளைக்கு மேலோட்டப் பெரோனியல் நரம்பு அருகில். நடுவில் துளையிட்டால் ஆழ் பெரோனியல் நரம்பும் தமனியும் இடரில் படும் என்பதால் அது தவிர்க்கப்படுகிறது. ஃபெர்கெலும் உடன் பணியாற்றியவர்களும் 612 அறுவைகளைத் தொகுத்து 1996இல் எழுதியபோது, 9 விழுக்காட்டில் சிக்கல் நேர்ந்ததாகவும், அவற்றில் ஏறத்தாழப் பாதி நரம்புக் காயங்கள் என்றும் தெரிவித்தனர். காயமுற்றவற்றுள் முதலிடம் மேலோட்டப் பெரோனியல் நரம்புக்கு. பெரோனியல் துளைக்கிளை புறங்கால் தமனியாகியிருக்கும் காலில், பாதுகாப்பானதாகக் கருதப்படும் வெளிப்புறத் துளையும் தமனிக்கு அருகில் வந்துவிடும்.

கணுக்காலின் பின்புறத்திலும் இதே நிலை. அறுந்த குதிநாணைச் சிறு துளைகள் வழியே தைக்கும் முறையில், ஊசி சூரல் நரம்பைச் சேர்த்துப் பிடித்துவிடலாம். உள்வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைக்குக் குதிநாணைத் துளைவழியே வெட்டும்போது, பெருத்த பெரோனியல் தமனி அருகில் இருந்தால் இரத்தப்போக்கு நேரிடும். பின் டிபியல் தமனி இல்லாத பாதத்தில் பாதத்துக்கான முதன்மைக் குழாயே அதுவாகவும் இருக்கலாம். குதியெலும்பு முறிவுக்கு வெளிப்புறத்தில் வளைத்துக் கீறும்போது, கீறலின் முனைத் தோல் பிழைப்பது பெரோனியல் தமனியின் குதிகால் கிளையை நம்பி.

மாறுபாட்டை அறியாமல் தொடங்கவே கூடாத அறுவை, காலின் வெளிப்பக்க எலும்பை எடுத்து வேறிடத்தில் பொருத்துவது. அந்த எலும்பு பெரோனியல் தமனியோடு சேர்த்து எடுக்கப்படுகிறது. டெய்லர் 1975இல் விவரித்த இந்த முறையை, 1989இல் ஹிடால்கோ தாடையெலும்பை மீண்டும் அமைக்கப் பயன்படுத்தினார். வாய்ப்புற்றுநோய் மிகுந்த இந்தியாவில் இன்று அது பெரிய மருத்துவமனைகளின் அன்றாட அறுவை. மற்ற இரு தமனிகளும் நலமாக இருந்தால் பெரோனியல் தமனியை எடுத்துக்கொள்ளலாம். பெரோனியா மேக்னா உள்ள காலில் அதை எடுத்தால் பாதத்துக்கு இரத்தமே வராது. புறங்காலிலும் உட்கணுவின் பின்னும் நாடி தென்படுவது இங்கே போதுமான சான்றாகாது. அந்த இரு இடங்களிலும் துடிப்பது பெரோனியல் தமனியின் கிளைகளாகவே இருக்கலாம். எனவே சி.டி. ஆஞ்சியோகிராமோ அல்ட்ராசவுண்டோ முன்கூட்டியே எடுக்கப்படுகிறது. ஒரு காலில் காணும் அமைப்பு மறுகாலிலும் இருக்கும் என்று கொள்ள முடியாததால், எடுக்கப்போகும் காலையே பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளின் கால் சோதனையில், கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் பயன்படுகிறது. 0.90க்குக் குறைந்தால் தமனி அடைப்பு, 1.40க்கு மேற்பட்டால் தமனிச் சுவர் சுண்ணமேறி இறுகியிருக்கக்கூடும். கணுக்காலில் புறங்கால் தமனி, பின் டிபியல் தமனி ஆகிய இரண்டிலும் அளந்து, கூடுதலான அளவையே கணக்கில் எடுப்பது வழக்கம். பிறவியில் மெலிந்த ஒரு தமனியின் குறைந்த அழுத்தத்தை அடைப்பு என்று எண்ணிவிடாமல் இந்த வழக்கம் ஓரளவு காக்கிறது.

கணுக்காலை மரக்கச்செய்ய ஐந்து நரம்புகளையும் சுற்றி மருந்து செலுத்துவதும் உண்டு. எலும்புகளை அடையாளமாகக் கொண்டு ஊசி போடும்போது, நரம்பு வேறிடத்தில் இருந்தால் ஒரு பகுதி மரக்காமல் எஞ்சும். அல்ட்ராசவுண்டில் நரம்பையே பார்த்து மருந்து செலுத்துவது இந்தக் குறையைப் பெரிதும் குறைத்திருக்கிறது.

ஆய்வுகளின் எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

ஒரே மாறுபாட்டுக்கு ஓர் ஆய்வு 2 விழுக்காடு என்றும் மற்றொன்று 10 விழுக்காடு என்றும் சொல்வது இத்துறையில் அடிக்கடி காணக்கூடியது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது வரையறை. எவ்வளவு மெலிந்தால் தமனி மெலிந்தது எனக் கொள்வது, எவ்வளவு சிறிய கிளை வரை கிளையாக எண்ணுவது என்பவை ஆய்வாளரின் முடிவு. இரண்டாவது முறை. அறுத்துப் பார்ப்பவர் மெல்லிய குழாயையும் காண்பார். ஆஞ்சியோகிராமில் சாயம் நிரம்பாத குழாய் இல்லாததாகவே தோன்றும். விரலால் நாடி பார்ப்பவருக்குத் தமனி இருந்தும் தென்படாமல் போகலாம். மூன்றாவது மாதிரி. ஆஞ்சியோகிராம் பெரும்பாலும் தமனி நோய் உள்ளவர்களுக்கே எடுக்கப்படுகிறது. அவர்களில் பிறவி மெலிவையும் நோயால் வந்த அடைப்பையும் பிரிப்பது கடினம். மக்கள் குழுக்களுக்கு இடையே உண்மையான வேற்றுமையும் இருக்கலாம். ஆனால் முறையும் வரையறையும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அதைப் பேச முடியும்.

ஆகவே இந்த எண்கள் எதிர்பார்க்கத்தக்க வகைகளின் பட்டியலைத் தருகின்றன. எதிரிலுள்ள காலில் எந்த வகை என்பதை அவை சொல்வதில்லை. அதை அறியும் வழிகள் எளியவை. மேலோட்டப் பெரோனியல் நரம்பைப் பாதத்தை மடக்கிப் பார்த்துத் தோலில் குறித்துக்கொள்ளலாம். நாடியை வழக்கமான இரு இடங்களோடு வெளிக்கணுவின் முன்புறத்திலும் தேடலாம். தென்படாத நாடியைக் கையடக்க டாப்ளர் கருவியால் கேட்கலாம். தமனியை எடுக்கவோ நாணை வெட்டவோ போகும் காலில் படம் எடுத்துக்கொள்ளலாம். கீறும்போது தோலை மட்டும் வெட்டி, அடியிலுள்ள திசுவைக் கருவியால் விலக்கிச் செல்வது, படத்தில் தெரியாத கிளையையும் காக்கும். எந்தத் தமனி மெலிந்தால் எது பெருகும், எந்த நரம்பின் இழை எந்த வழியில் வரக்கூடும் என்ற ஒழுங்கை அறிந்தவருக்கு எங்கே தேடுவது என்பது தெரியும். மாறுபட்ட கணுக்காலும் அவருக்குப் படிக்கத்தக்கதே.